கண்டது கண்டபடி

தண்ணீர் எத்தனை டிகிரி செல்சியஸில் கொதிக்கும்?

நூறு என்று எழுதினால் பள்ளிக்கூடத்தில் முழு மார்க். ஆனால் ஓசூரில் ஒரு குறும்புக்கார வாத்தியார் இருந்தால் அரை மார்க்கைப் பிடித்துக்கொள்வார். காரணம், ஓசூர் கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும். முந்நூறு மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி என்ற கணக்கில் கொதிநிலையும் இறங்கும். ஆக, ஓசூர் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது அதன் சூடு சுமார் 97 டிகிரிதான். (டீயின் ருசியில் வித்தியாசம் தெரியுமா என்று என்னைக் கேட்காதீர்கள். சூடாக இருந்தால் போதும் என்கிற கட்சி நான்.)

இந்த மூன்று டிகிரியில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஓசூர்க்காரர் ஒருவர் புத்தம்புது வெப்பமானி வாங்கி, சரியாக இருக்கிறதா என்று கொதிநீரில் விட்டுப் பார்க்கிறார். 97 காட்டுகிறது. 'அடப்பாவி, மூணு டிகிரி கம்மியா காட்டுதே!' என்று அதைத் திருகி நூறுக்குக் கொண்டுவந்து வைக்கிறார். கருவி யோக்கியமாகத்தான் இருந்தது. திருத்துகிறேன் பேர்வழி என்று அதைக் கெடுத்தது அவர்தான்.

விஷயம் தெரிந்தவர்கள் கொதிநீரை நம்புவதில்லை. சுத்தமான தண்ணீரில் செய்த பனிக்கட்டியை நொறுக்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டு, கூழ் மாதிரி ஆக்கி, அதில் கருவியை நிறுத்துவார்கள். அது ஓசூரிலும் பூஜ்யம்தான், மலை இறங்கிக் கிருஷ்ணகிரிக்குப் போனாலும் பூஜ்யம்தான். மேடு பள்ளம் பார்த்து மாறாத ஒன்று.

ஓசூரிலிருந்து சூளகிரி வழியாகக் கிருஷ்ணகிரி வரை ஒருமுறை பகலில் பஸ்ஸில் போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் சிப்காட். அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று நமக்குத் தெரிந்த பெரிய பெயர்கள். அந்தப் பெயர்களுக்குப் பின்னால், போர்டுகூடச் சரியாக இல்லாத சின்னச் சின்னப் பட்டறைகள். வண்டிக்குள் சுழலும் பல்சக்கரங்களை உலையில் வைத்து இறுக்கித் தருகிறவர்கள் அவர்கள். இன்னொரு பக்கம் ரோஜாத் தோட்டங்கள். பிப்ரவரி 14-க்கு முன்னால் இந்தப் பக்கத்து ரோஜாக்கள் விமானம் ஏறக் குளிர் அறையில் காத்திருக்கும். கீழே இறங்கினால் மாம்பழம். சீசனில் லாரி லாரியாகப் பெங்களூரா மாங்காய் வந்து இறங்க, தொழிற்சாலையில் கூழாகி, சூடேற்றி, டின்னில் அடைபட்டு வெளிநாடு போகும்.

உலை, ரோஜா, மாம்பழக் கூழ். மூன்றுக்கும் சம்பந்தமே இல்லை என்று தோன்றும். ஆனால் மூன்று இடத்திலும் ஒரே மாதிரி ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறான். சுண்டுவிரல் கனத்தில், உலோக உறைக்குள், வாய் திறக்காமல். வெப்பநிலை சென்சார். அவன் சொல்வதை வைத்துத்தான் உலை எரிகிறது, குளிர்சாதனம் ஓடுகிறது, ஆவி திறக்கிறது. அவன் சொல்வது பொய்யாக இருந்தால்?

பொய் என்ற வார்த்தை அவனுக்குக் கொஞ்சம் அதிகம். அவன் பொய் சொல்வதில்லை. மெல்ல மாறுகிறான்.

உலைகளில் அதிகம் பயன்படுவது தெர்மோகப்பிள். இரண்டு வேறு வேறு உலோகக் கம்பிகளை ஒரு முனையில் இணைத்து அந்த முனையைச் சூடாக்கினால் ஒரு துளி மின்னழுத்தம் பிறக்கும் என்பது 1821-ல் ஸீபெக் என்ற ஜெர்மானியர் கண்டது. துளி என்றால் நிஜமாகவே துளிதான். பரவலாகப் பயன்படும் 'கே' வகையில் ஒரு டிகிரிக்குச் சுமார் 40 மைக்ரோவோல்ட். அந்தக் கம்பி 900 டிகிரிக்கு மேல் மாதக்கணக்கில் வெந்துகொண்டிருக்கிறது. ஆக்ஸிஜன் குறைந்த சூழலில் அதிலுள்ள குரோமியம் மட்டும் தனியாக அரிக்கப்படும். மின்னழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். நேற்று 920 என்று சொன்ன சூட்டுக்கு இன்று 919.9 என்று சொல்வான். யாருக்குத் தெரியப்போகிறது? உலையின் கட்டுப்பாட்டுக் கருவி அவனை அப்படியே நம்பி, 'ஓஹோ, குறைகிறதா' என்று இன்னும் கொஞ்சம் சூட்டை ஏற்றிவிடும். திரையில் எப்போதும் 920. உள்ளே 921, 923, 927...

இதற்கு ஆங்கிலத்தில் ட்ரிஃப்ட் என்று பெயர். கயிறு தளர்ந்த ஓடம் கரையை விட்டு நகர்வது போல. ஓடத்தில் தூங்குகிறவனுக்குத் தெரியாது. கரையில் நிற்பவனுக்குத்தான் தெரியும். தன் நகர்வைத் தானே அளக்கிற கம்பி கிடையாது. அதனால்தான் வருஷத்துக்கு ஒருமுறையோ, ஆறு மாதத்துக்கு ஒருமுறையோ, நம்பகமான இன்னொரு கருவியை அதன் பக்கத்தில் நிறுத்தி, 'நீ சொல்வதும் இவன் சொல்வதும் ஒன்றா?' என்று கேட்கிறார்கள். காலிபரேஷன் என்பது அவ்வளவுதான். மளிகைக்கடைத் தராசுக்குத் தொழிலாளர் துறை முத்திரை போடுகிறதே, அதன் தம்பி.

'அந்த நம்பகமான கருவியை யார் பார்ப்பது?' என்று நீங்கள் கேட்பீர்கள். நல்ல கேள்வி. அதைவிட நம்பகமான ஒன்று. அதை? இப்படியே ஏணி ஏறினால் டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் போய் நிற்கும். அதற்கும் மேலே 2019 மே 20-ம் தேதி வரை தண்ணீர்தான் நீதிபதி. பனிக்கட்டியும் தண்ணீரும் ஆவியும் ஒன்றாக இருக்கும் அந்த ஒற்றைப் புள்ளி. அன்றைய தினத்திலிருந்து போல்ட்ஸ்மேன் மாறிலி என்ற எண்ணை நிலையாக வைத்து, வெப்பநிலையின் அலகையே அதிலிருந்து வரையறுத்துவிட்டார்கள். ஏணியின் உச்சியில் மனிதர் யாரும் இல்லை என்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

கருவியை யாரும் கேள்வி கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதை இதே ஊர் 2020-ல் பார்த்தது. ஜூஜூவாடியும் அத்திப்பள்ளியும் ஞாபகம் இருக்கிறதல்லவா? கொரோனா சமயத்தில் எல்லையில் நெற்றிக்கு நேரே துப்பாக்கி மாதிரி ஒன்றை நீட்டினார்கள். அது நெற்றித் தோலிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை அளப்பது. பைக்கில் எதிர்க்காற்று வாங்கி வந்தவனின் நெற்றி குளிர்ந்திருக்கும். வெயிலில் வரிசையில் நின்றவனின் நெற்றி கொதிக்கும். இரண்டுக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தமில்லை. துப்பாக்கியே வெயிலில் கிடந்திருந்தால் அதன் பேச்சும் மாறும். ஆனாலும் அந்தச் சின்னத் திரையில் விழுந்த எண்ணுக்கு எதிராக எந்த மனிதனும் வாதாட முடியவில்லை. எண்ணுக்கு நாம் அவ்வளவு சீக்கிரம் தலைவணங்கிவிடுகிறோம்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

இப்போது நீங்கள்தான் டெக்னீஷியன். ஓசூரில் ஒரு சின்ன உலைப் பட்டறை. சனிக்கிழமை சாயங்காலம். ஷிஃப்ட் முடிய அரை மணி. பல்சக்கரங்களின் மேல்தோலில் கரியை ஏற்றி இறுக்குகிற உலை அது. வெளியே கெட்டியாகவும் உள்ளே முறியாமலும் இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்வது. திரையில் 920. நீங்கள் சான்றிதழ் பெற்ற கருவியை உள்ளே செலுத்துகிறீர்கள். அது 932 என்கிறது. பன்னிரண்டு டிகிரி. வாடிக்கையாளர் அனுமதித்திருப்பது ஐந்து என்று வைத்துக்கொள்வோம்.

பழைய தெர்மோகப்பிளைக் கழற்றிப் புதுசை மாட்டுகிறீர்கள். மறுபடி பார்த்தால் 920-க்கு 921. அருமை. வேலை முடிந்தது. இப்போது படிவம்.

நல்ல காலிபரேஷன் படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்று, கண்டபோது என்ன காட்டியது. இன்னொன்று, விட்டுவரும்போது என்ன காட்டியது. ஆங்கிலத்தில் 'அஸ் ஃபவுண்ட்', 'அஸ் லெஃப்ட்'. தத்துவப் புத்தகங்களில் தேடினாலும் இவ்வளவு சிக்கனமான வார்த்தைகள் அகப்படாது. கண்டது, விட்டது. இரண்டாவது கட்டத்தில் 921 என்று எழுத உங்களுக்கு ஒரு விநாடிகூட ஆகாது. முதல் கட்டத்தில் பேனா நிற்கிறது.

சூப்பர்வைசர் தோளுக்குப் பின்னால் வந்து நிற்கிறார்.

"என்னா தம்பி, சரியாயிடுச்சுல்ல?"

"ஆயிடுச்சுண்ணே. ஆனா முன்னாடி பன்னெண்டு டிகிரி..."

"அதான் இப்ப இல்லையே. ரெண்டு கட்டத்துலயும் 921-ன்னே போட்டுடு. செவ்வாக்கிழமை ஆடிட்டு. எதுக்கு வம்பு?"

அவர் கெட்ட மனிதர் அல்ல. உங்கள் அக்கா கல்யாணத்துக்கு அட்வான்ஸ் வாங்கித் தந்தவர். அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பன்னிரண்டு டிகிரி அதிகம் என்றால் கரி கொஞ்சம் ஆழமாக இறங்கியிருக்கும், சக்கரம் ஒரு மயிரிழை அதிகம் கோணியிருக்கும். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அந்த எண்ணை எழுதினால் மட்டும் ஒன்று நிச்சயமாக ஆகும். அடுத்த கேள்வி எழும். 'போன தடவை பார்த்ததற்கும் இந்தத் தடவைக்கும் நடுவில் இந்த உலையிலிருந்து போன சக்கரங்கள் எங்கே?' ஐ.எஸ்.ஓ. 9001 தரநிலையிலேயே இந்தக் கேள்வி இருக்கிறது. அளவுக்கருவி தவறு என்று தெரிந்தால், அதை வைத்து முன்னால் எடுத்த அளவுகள் செல்லுமா என்று பார்த்தாக வேண்டும். ஆறு மாதத்துச் சக்கரங்கள். பாதி இந்நேரம் யாரோ ஒருவர் ஸ்கூட்டருக்குள் சுற்றிக்கொண்டிருக்கலாம்.

இங்கேதான் எனக்குப் பிடித்த கேள்வி வருகிறது. தப்பைத் திருத்திக்கொள்வது போதாதா? திருத்துவதற்கு முன் எப்படி இருந்தது என்பதையும் எழுதித்தான் வைக்க வேண்டுமா?

உலை வேண்டாம் என்றால் வேறு உதாரணம் தருகிறேன். பிளஸ் டூ விடைத்தாள் திருத்துகிற ஆசிரியர். நாற்பதாவது தாளில் அவருக்குப் புரிகிறது, காலையிலிருந்து ஐந்து மார்க் கேள்விக்கு, விடைக்குறிப்பில் இல்லாத கண்டிப்பைக் காட்டிக்கொண்டிருக்கிறோம் என்று. நாற்பத்தோராவது தாளிலிருந்து நிதானமாகிவிடுகிறார். நல்ல மனிதர், திருந்திவிட்டார். அந்த நாற்பது பிள்ளைகள்? அவர்களைப் பொறுத்தவரை அவர் திருந்தியது எந்த ஊரில் நடந்த சம்பவம்?

இன்னொன்று, வீட்டுக்குள்ளேயே. மூத்த பிள்ளையைப் பெல்ட்டால் அடித்து வளர்த்த அப்பா, இளையவன் வருவதற்குள் மனம் மாறி, அவன் மேல் கையே வைக்காமல் வளர்க்கிறார். ஊரே சொல்கிறது, 'மனுஷன் எவ்வளவு மாறிட்டார்!' உண்மைதான். மூத்தவனிடம் மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவன் இன்னமும், தான்தான் அடிக்கு லாயக்கான பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். 'விட்டது' கட்டம் அழகாக நிரம்பியிருக்கிறது. 'கண்டது' கட்டம் காலி.

நடுவுநிலைமை பற்றிப் பேசும்போது வள்ளுவர் தராசுக்கோலைத்தான் உதாரணம் காட்டுகிறார். முதலில் தான் சமமாக நின்று, பிறகு மற்றதைத் தூக்குகிற கோல். அற்புதமான உவமை. ஆனால் கோல் சாய்ந்திருந்த காலத்தில் நிறுத்துக் கொடுத்த பருப்புக்கு என்ன கணக்கு? நம் நீதி நூல்களிலெல்லாம் 'இனி நேராக நில்' என்பது நிறைய இருக்கிறது. 'நேற்றுவரை எவ்வளவு சாய்ந்திருந்தாய் என்று தேதி போட்டு எழுது' என்று சொல்ல ஒரு தொழிற்சாலைப் படிவம் வரவேண்டியிருந்தது.

இதற்கு எதிராகவும் சொல்லலாம். எல்லாப் பழையதையும் தோண்டிக்கொண்டிருந்தால் உலகம் ஓடுமா? ஓடாது. ஒத்துக்கொள்கிறேன். படிவமும் எல்லாச் சக்கரத்தையும் திரும்ப வாங்கு என்று சொல்லவில்லை. பாதிப்பு இருக்கிறதா என்று பார் என்கிறது. ஒவ்வொரு தொகுதியிலும் எடுத்து வைத்த மாதிரிச் சக்கரம் இருந்தால் அதை வெட்டி, மெருகேற்றி, கரி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம். எல்லைக்குள் இருந்தால், 'பாதிப்பில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மூடிவிடலாம். ஒன்றும் ஆகாது என்று முடிவெடுப்பது குற்றமில்லை. முதல் கட்டத்தில் 921 என்று எழுதுகிறவர் அந்த முடிவைக்கூட எடுக்கவில்லை. வேறு யாரும் எடுக்கவும் விடவில்லை. அந்தப் பன்னிரண்டு டிகிரி நடக்கவே இல்லை என்று ஆக்கிவிட்டார்.

இதில் நடைமுறை நஷ்டமும் உண்டு. இந்த உலையில் கம்பி எத்தனை மாதத்தில் எவ்வளவு நகர்கிறது என்று தெரிந்தால்தானே, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பதா, மூன்று மாதத்துக்கு ஒருமுறையா என்று சொல்ல முடியும்? வருஷக்கணக்காகப் பிழையே இல்லாத ரெக்கார்டைப் பார்த்தால் அனுபவசாலியான ஆடிட்டர் சந்தோஷப்பட மாட்டார், நிமிர்ந்து உட்காருவார். 900 டிகிரியில் வெந்துகொண்டிருக்கிற கம்பி அப்படியே கன்னி கழியாமல் இருந்ததாக யாராவது சொன்னால் நம்புவாரா?

கண்டதைக் கண்டபடி எழுதிய ஒருவரைச் சொல்கிறேன். ஜேம்ஸ் ஜூல். ஆற்றலின் அலகுக்கு இன்று இவர் பெயர்தான். மான்செஸ்டர் பக்கம் பீர் காய்ச்சும் குடும்பத்துக்காரர். டான்ஸர் என்ற கருவி செய்பவர் அவருக்குச் செய்து கொடுத்த வெப்பமானிகள் அத்தனை நுட்பமானவை. ஒரு ஃபாரன்ஹீட் டிகிரியில் இருநூறில் ஒரு பங்கைப் படிக்கிறேன் என்று ஜூல் சொன்னபோது மற்ற விஞ்ஞானிகள் நம்பத் தயங்கினார்கள். அப்படிப்பட்ட மனிதர் 1844-லிருந்து 1882 வரை, அதே ஒரு வெப்பமானியை அவ்வப்போது பனிக்கட்டியில் வைத்து, பூஜ்யம் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டே வந்தார். முப்பத்தெட்டு வருஷம்! பூஜ்யம் மெல்ல மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. கடைசியில் ஏறக்குறைய ஒரு ஃபாரன்ஹீட் டிகிரி. ஊதிச் செய்த கண்ணாடிக் குமிழ் வருஷக்கணக்கில் கண்ணுக்குத் தெரியாமல் சுருங்க, பாதரசம் மேலே தள்ளப்பட்டிருக்கிறது.

இருநூறில் ஒரு பங்கு என்று மார்தட்டியவர், தன் கருவியே ஒரு முழு டிகிரி நகர்ந்துவிட்டது என்பதைத் தானே எண் எண்ணாக வெளியிட்டார். வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. அவருடைய புகழ்பெற்ற பரிசோதனைக்கும் பெரிய ஆபத்து வரவில்லை. அவர் அளந்தது சோதனைக்கு முன்னும் பின்னும் உள்ள வித்தியாசத்தை. பூஜ்யம் இரண்டு பக்கமும் சேர்ந்தே நகர்ந்தால் வித்தியாசம் மாறாது. இதை நாம் இன்று தைரியமாகச் சொல்ல முடிவது அவர் எழுதி வைத்ததால்தான். எழுதாமல் விட்டிருந்தால் சந்தேகம் மட்டும் மிஞ்சியிருக்கும்.

ஆனால் ஜூலுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. அவருக்குச் சூப்பர்வைசர் கிடையாது. செவ்வாய்க்கிழமை ஆடிட் கிடையாது. குடும்பத் தொழில் இருந்ததால் மாதச் சம்பளத்தை எதிர்பார்த்து நிற்கவில்லை. உங்களுக்கு எல்லாம் இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளி என்றால் வேலையே நூலில் தொங்குகிறது. 'நேர்மையாக எழுதுடா' என்று உங்களுக்கு உபதேசம் செய்ய எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பேனா நின்றதற்கு நீங்கள் மட்டுமா காரணம்?

சூப்பர்வைசர் ஏன் பயப்படுகிறார் என்று கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். அவருக்கு முதலாளியிடம் பயம். முதலாளிக்குப் பெரிய கம்பெனியின் கொள்முதல் அதிகாரியிடம் பயம். உண்மையைச் சொல்லி மெயில் போட்ட சின்னப் பட்டறைக்கு அடுத்த ஆர்டர் குறைந்து, சொல்லாமல் மறைத்த பக்கத்துப் பட்டறைக்கு அது போய்விட்டால், அந்த அதிகாரி ஒரு வார்த்தைகூடப் பேசாமலே அந்தத் தெரு முழுவதற்கும் பாடம் நடத்திவிடுகிறார். அதற்குப் பிறகு அவர் மேஜைக்கு வருகிற படிவங்களிலெல்லாம் 921, 921, 921 என்றே வரும். 'நம்ம சப்ளையர்ஸ் எல்லாம் பிரமாதம்' என்று அவரும் மேலே சொல்லிக்கொள்வார். கம்பி மட்டுமா நகர்கிறது?

வீட்டிலும் அதேதான். ரேங்க் கார்டைப் பார்த்த மாத்திரத்தில் கை ஓங்குகிற வீட்டில், பிள்ளைகள் ரேங்க் கார்டில் தாங்களே கையெழுத்துப் போடக் கற்றுக்கொள்கிறார்கள்.

போகட்டும். நீங்கள் 932 என்று எழுதிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சூப்பர்வைசர் உங்களை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "சரி, என்ன ஆகுதோ பாப்போம்" என்று போனை எடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமை லீவு ரத்து. ஸ்டோர் ரூமிலிருந்து ஆறு மாதத்து மாதிரிச் சக்கரங்களை அட்டைப் பெட்டியோடு இறக்கி, ஒவ்வொன்றாக வெட்டி, மெருகேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இரவு பதினொரு மணிக்கு ரிப்போர்ட் தயார். நான்கு தொகுதிகள் எல்லைக்குள். ஐந்தாவது தொகுதி எல்லையை உரசிக்கொண்டு நிற்கிறது. மறைக்காமல் அதையும் போட்டு முதலாளி மெயிலை அனுப்பிவிட்டார்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒருவர் ஏ.சி. அறையில் காபியோடு உட்கார்ந்து அந்த மெயிலைத் திறக்கிறார். படித்துவிட்டுப் பட்டறைக்குப் போன் போடுகிறார். அவர் முதலில் கேட்கப்போவது 'அஞ்சாவது லாட்டுல எத்தனை பீஸ், இப்ப எங்க இருக்கு?' என்றா, 'யாருய்யா இதையெல்லாம் எழுதச் சொன்னது?' என்றா?